மூன்று கொடிகளும் ஒரே முற்றமும்

"மருத்துவரின் மகன் மருத்துவராகலாம்; வழக்கறிஞரின் மகள் வழக்கறிஞராகலாம்; அரசியல்வாதியின் பிள்ளை மட்டும் அரசியலுக்கு வரக் கூடாதா?" இக்கேள்வி இன்று செங்கற்பட்டு மின்சார ரயிலிலும் திருமணப் பந்தியிலும் ஒருசேரக் கேட்கிறது. கேட்பவர்கள் கட்சிக்காரர்கள் மட்டுமல்லர். நன்கு படித்தவர்கள், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர்கள், பிறருக்குத் தீங்கு நினையாதவர்கள் ஆகிய நம் மக்களும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

பேச நிறையவே உண்டு. மருத்துவரின் மகன் தேர்வெழுதித் தேற வேண்டும். தேறிய பிறகும், தந்தையின் நோயாளிகள் அனைவரும் தந்தை கண்மூடிய மறுநாளே மகனுக்கு உரியவர்கள் ஆகிவிடுவதில்லை. நோயாளி மருத்துவரின் சொத்தல்லர். ஆனால் ஒரு தொகுதியை, ஒரு கட்சியை, ஒரு மாவட்டச் செயலாளர் பொறுப்பை நாம் எப்படிப் பேசுகிறோம் என்று கவனியுங்கள். "அது அவர்கள் தொகுதி" என்கிறோம். "அவருக்குப் பிறகு யார்?" என்று கேட்டு, அவர் வீட்டுக்குள்ளேயே விடை தேடுகிறோம். இந்த மொழியே என் வழக்கின் முதற்சான்று.

எந்த ஒரு கட்சியையும் குறிவைத்து இதை எழுதவில்லை. அப்படி எழுதத் தமிழகம் இடமும் தரவில்லை. மு. கருணாநிதி 1969-இல் முதலமைச்சரானார், மகன் மு.க. ஸ்டாலின் 2021-இல் முதலமைச்சரானார். பேரன் உதயநிதி 2024-இல் துணை முதலமைச்சரானார். ஜி.கே. மூப்பனார் 2001-இல் மறைந்ததும் அவர் தோற்றுவித்த கட்சியின் தலைமை ஜி.கே. வாசனுக்கு வந்தது. மருத்துவர் ராமதாசின் மகன் அன்புமணி 2004-இல் நடுவண் அமைச்சரானார். ப. சிதம்பரம் பலமுறை வென்ற சிவகங்கையில் 2019-இல் அவர் மகன் கார்த்தி வென்றார். குடும்ப அரசியலைக் கண்டித்து மேடைதோறும் முழங்கிய வைகோவின் மகன் துரை வைகோ 2024-இல் திருச்சியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். இவர்களுள் திறமை உடையவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வழக்கை அதன் வலிமையான இடத்தில் வைத்து எதிர்ப்பதே முறை. ஆகவே எளிதில் கேலி செய்யத்தக்க வாரிசுகளை விட்டுவிட்டு, தமிழ்நாடு கண்ட மிகச் சிறந்த அரசியல் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1889-இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். 1926 தேர்தலில் நீதிக்கட்சி தோற்றது. அதிக இடங்களில் வென்ற சுயராஜ்யக் கட்சியோ பதவி ஏற்க மறுத்தது. அந்நிலையில் எக்கட்சியையும் சாராத சுப்பராயனை ஆளுநர் அழைத்தார். முப்பத்தேழாம் வயதில் அவர் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். சைமன் குழு பற்றிய பிணக்கில், 1928-இல், அவருடைய அமைச்சர்கள் இருவர் பதவி விலகினார்கள். அவர்களுள் ஒருவரான ஆரோக்கியசாமி முதலியார் கிறிஸ்தவர் என்பது நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி. சுப்பராயன் தொடர்ந்தார், 1930 வரை ஆண்டார். பிறகு காங்கிரசுக்கு வந்து 1937-இல் இராஜாஜி அமைச்சரவையிலும், 1947-இல் ஓமந்தூரார் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இந்தோனேசியத் தூதர், நாடாளுமன்ற உறுப்பினர், 1959 முதல் நேருவின் அமைச்சர், இறுதியில் மகாராட்டிர ஆளுநர். இடையே எட்டு ஆண்டுகள் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கும் அவரே தலைவர்! ஒரு மனிதருக்கு இத்தனை நாற்காலிகள் எங்கிருந்து கிடைத்தன என்று வியக்கத் தோன்றுகிறது.

துணைவியார் இராதாபாய், மங்களூரில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்காகத் தம் வாழ்வையே ஈந்த குத்முல் ரங்கராவின் மகள். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களுக்காகப் பேசச் சென்ற இருவருள் ஒருவர். 1938-இல் அன்றைய டில்லி மேலவையின் முதல் பெண் உறுப்பினர். சாதி கடந்த திருமணம் அவர்களுடையது. நூறாண்டுகளுக்கு முன் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

பிள்ளைகளின் கதை இதனினும் வியப்பு. மூத்தவர் பரமசிவ பிரபாகர் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, பொதுவுடைமைவாதியாகத் திரும்பி வந்து, சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலியோருடன் சிறை சென்றவர். மகள் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமைக் கட்சி. 1957-இல் தந்தை திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராகவும், மகள் கோவையிலிருந்து பொதுவுடைமைக் கட்சி உறுப்பினராகவும் ஒரே மக்களவையில் அமர்ந்தார்கள். 1959-க்குப் பின் தந்தை அமைச்சர். மகள் எதிர்க்கட்சி வரிசையில். இப்படியொரு காட்சியை இன்றைய தலைவர்கள் தங்கள் வீட்டில் கற்பனை செய்தாவது பார்ப்பார்களா? மோகன் பின்னர் காங்கிரசில் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியிலிருந்து வென்று, இந்திரா காந்தியின் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையானதில் பெரும்பங்கு அவருடையது. 1973 மே 31 அன்று டில்லிக்கு அருகே நிகழ்ந்த விமான விபத்தில் மாண்டார். அவர் மகன் ரங்கராஜன் சேலத்திலிருந்து மும்முறை காங்கிரஸ் உறுப்பினர். பின்னர் பாரதிய ஜனதாவில் சேர்ந்து, திருச்சியிலிருந்து இருமுறை வென்று, வாஜ்பாய் அமைச்சரவையில் மின்துறையை வகிக்கையில் 2000-இல் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். மகள் லலிதா 2014 முதல் 2017 வரை தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவர். அவரும் பாரதிய ஜனதா.

காங்கிரஸ், பொதுவுடைமை, பாரதிய ஜனதா: மூன்று கொடிகள் பறந்த ஒரே முற்றம்! ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். பிள்ளைகளின் மனச்சான்றைத் தந்தை கட்டிப்போடவில்லை. அவர் தொகுதியை யாருக்கும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் சுகமான வழியைத் தேர்ந்துகொள்ளவுமில்லை. சிறையையும் போர்க்களத்தையும் கண்டார்கள். "குடும்ப அரசியல் என்றால் இப்படி இருக்கட்டுமே" என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கும் அந்தக் குடும்பத்தின்மீது மதிப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஆனால் கேள்வி அவர்களைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. அவர்கள் ஏறிய படிகளை நோக்குங்கள். பிள்ளைகளை ஈட்டனுக்கு அனுப்பிய பணம் எங்கிருந்து வந்தது? குமாரமங்கலத்து உழவர்கள் செலுத்திய குத்தகையிலிருந்து வந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று, பெயர் போகவில்லை. பெயருக்கு உச்சவரம்புச் சட்டம் யாரும் கொண்டுவரவில்லை.

நம் பகுதியிலேயே இதற்கு ஓர் உரைகல் உண்டு. மோகன் குமாரமங்கலம் சேர்ந்திருந்த அதே பொதுவுடைமைக் கட்சியில் ப. ஜீவானந்தமும் இருந்தார். பூதப்பாண்டியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர்; இலக்கியத்தில் தோய்ந்தவர்; மேடையில் ஏறினால் பல்லாயிரம் பேரைக் கட்டிப்போடும் நாவன்மை படைத்தவர்; 1952-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இங்கிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி, தாம்பரத்தில், ஓலை வேய்ந்த குடிசையில் வாழ்ந்து 1963 ஜனவரியில் மறைந்தார். மோகனோ 1966-இல் காங்கிரஸ் அரசின் தலைமை வழக்கறிஞர். ஐந்தாண்டில் நடுவண் அமைச்சர். ஜீவா பதவியை நாடியவரல்லர் என்பீர்கள். உண்மை. ஆயினும் கட்சி மாறினால் அமைச்சராகலாம் என்ற கதவு எல்லார் முன்னும் ஒரே அகலத்தில் திறந்திருந்ததில்லை. சிலருக்கு அது அவர்கள் பிறப்பதற்கு முன்பே திறந்து வைக்கப்பட்டிருந்தது.

திறமை இருந்தால் போதாதா என்போருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1973 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அரசின் அச்செயலை நாடாளுமன்றத்தில் எவரினும் வலிமையாக வாதிட்டுக் காத்தவர் மோகன் குமாரமங்கலமே. நீதிபதியைத் தெரிவு செய்கையில் அவருடைய கண்ணோட்டத்தையும் அரசு நோக்கலாம் என்பது அவர் வாதம். மூன்றாண்டு கழித்து, நெருக்கடி நிலையில், விசாரணையின்றிச் சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகக்கூட முடியாது என்று ரே தலைமையிலான ஆயம் 1976-இல் தீர்ப்பளித்தது; எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார். மோகன் அதைக் காண உயிரோடில்லை. கேம்பிரிட்ஜின் நாவன்மை நாட்டுக்கு என்ன செய்தது என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும். திறமை நல்லதுதான். ஆனால் எத்தனை பேரிலிருந்து அந்தத் திறமையைத் தேர்ந்தோம் என்பது அதனினும் முக்கியம். பத்து வீடுகளிலிருந்து தேர்ந்துவிட்டு, பத்து இலட்சம் வீடுகளில் திறமையே இல்லை என்று முடிவு கட்டுகிறோமே!

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. திருவிவிலியம் வாசிப்போர் ஒரு பெரும் அரசியல் குடும்பத்தின் பெயரை அறியாமலே பலமுறை கடந்து போயிருப்பார்கள். தூய பவுல் உரோமைக்குப் போகும் வழியில் உடன்பிறப்புகள் அவரை எதிர்கொண்ட அப்பியு சந்தை, அப்பியு கிளவுதியு என்பவரின் பெயரைத் தாங்கிய ஊர். கி.மு. 312-இல் அவர் அமைத்த நெடுஞ்சாலையில்தான் பவுல் நடந்தார். திருமுழுக்கு யோவான் போதிக்கத் தொடங்கிய ஆண்டைக் குறிக்க லூக்கா சொல்லும் திபேரியு, அதே கிளவுதியு குடும்பம். அக்கிலாவையும் பிரிஸ்கில்லாவையும் உரோமையிலிருந்து விரட்டிய பேரரசர் கிளவுதியு, அதே குடும்பம். பவுல் மேல்முறையீடு செய்த சீசராகிய நீரோ, அக்குடும்பத்துக்குத் தத்துப் பிள்ளை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீடு!

கிளவுதியர் சபீன் நாட்டிலிருந்து கி.மு. 504-இல் உரோமைக்குக் குடிவந்தவர்கள் என்பது மரபு. குடியரசின் உச்சப் பதவி ஆண்டுதோறும் தேர்தலால் நிரப்பப்பட்டது. பிறப்பால் எவருக்கும் அது உரியதன்று. ஆயினும் இக்குடும்பத்தின் உயர்குடிக் கிளை இருபத்தெட்டு முறை அப்பதவியைப் பெற்றதாக சுவெத்தோனியு என்னும் வரலாற்றாசிரியர் கணக்கிட்டிருக்கிறார். சாலை அமைத்த அப்பியு போன்ற பெரியோரும் அவர்களுள் உண்டு. கி.மு. 249-இல், போருக்கு முன் நற்குறி காட்ட வேண்டிய புனிதக் கோழிகள் இரை தின்ன மறுத்ததால், தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் எறிந்துவிட்டுக் கடற்படையைப் பறிகொடுத்த ஒருவரும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து, அவருடைய உடன்பிறந்தாள் தெருவில் வண்டி நகரமுடியாத கூட்டத்தைக் கண்டு, என் அண்ணன் உயிரோடிருந்து இன்னொரு கடற்படையையும் தொலைத்தால் இந்தக் கூட்டம் குறையுமே என்று உரக்கச் சொன்னாளாம். உரோமை மக்கள் சும்மா விடவில்லை. வழக்கு நடத்தித் தண்டம் விதித்தார்கள். அன்று அவர்களுக்கு முதுகெலும்பு இருந்தது.

பிறகு மெல்ல மெல்ல அது வளைந்தது. கி.மு. 59-இல் அக்குடும்பத்தின் புபிளியு கிளோதியு, பொதுமக்களுக்கு மட்டுமே உரிய மக்கள் காவலர் பதவிக்குப் போட்டியிடுவதற்காக, தம்மினும் இளைய ஒரு பொதுக்குடியினருக்குத் தத்துப் பிள்ளை ஆனார்! உயர்குடியின் இருக்கையும் வேண்டும். ஏழைகளின் இருக்கையும் வேண்டும். இதைக் கண்டு நகைக்கும் நாம், பெண்களுக்கென ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் நாற்காலியில் கணவர் அமர்ந்து கையெழுத்து வாங்குவதைக் கண்டு நகைப்பதில்லையே, ஏன்? வெவ்வேறு கொடிகளின் கீழ் ஒரே சில குடும்பங்களைத் தேர்ந்து பழகிய மக்களுக்கு, கடைசியில் தேர்தலே இல்லாமல் ஒரு குடும்பம் ஆளத் தொடங்கியபோது பெரிய வேறுபாடு தெரிந்திருக்காது.

"சாமி, உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, பேசுவது எளிது" என்று இவ்விடத்தில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. பிள்ளை இல்லாதவர்களையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை என்பதற்குத் திருச்சபை வரலாறே சான்று. உற்றாருக்குப் பதவி வழங்குவதைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் 'நெபோடிசம்' என்ற சொல், மருமகனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. திருத்தந்தையர் தங்கள் உடன்பிறந்தார் மக்களைக் கர்தினால்களாக்கியதால் வந்த சொல் அது. 3-ஆம் கலிஸ்து 1456-இல் தம் மருமகன் ரொட்ரிகோ போர்ஜியாவைக் கர்தினாலாக்கினார். அவரே 1492-இல் 6-ஆம் அலெக்சாண்டர் ஆனார். அதன்பின் நடந்தவற்றை இவ்விதழில் விரிக்க வேண்டியதில்லை. 12-ஆம் இன்னொசென்ட் 1692-இல் ஆணையிட்டு இவ்வழக்கத்தைத் தடைசெய்தார். திருத்தந்தையரின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடாமல், சட்டமாக எழுதினார் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

சட்டமாக எழுதுவதில் நம்மவர்கள் அவருக்கு எண்ணூறு ஆண்டு முந்தியவர்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து செங்கற்பட்டு வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை நாம் பள்ளியில் படித்தோம். இதைப் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அங்கு இடம், உழுதவருக்கு இல்லை. ஆனால் பள்ளிப் புத்தகம் விரித்துச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், தந்தையின் உடன்பிறந்தார், தாய்மாமன், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாள் கணவன், உடன்பிறந்தாள் மகன், மருமகன், அத்தை மகன், மாமன் மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கல்லில் வெட்டி வைத்தார்கள்! உறவினன் எந்தச் சந்தில் நுழைவான் என்பதை அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள். 'குடும்பு' என்பது அங்கே ஊர்ப்பிரிவின் பெயர். அந்தச் சொல்லுக்கு ஓர் எழுத்தைக் கூட்டி வீட்டுக்குள் கொண்டுபோனவர்கள் நாமே.

இன்று நம் நாட்டின் எந்தத் தேர்தல் சட்டத்திலும் இத்தகைய விதி இல்லை. வேண்டுமா என்றால், பிறந்த வீட்டுக்காக ஒருவரைத் தடைசெய்வது அறமன்று என்பதே என் கருத்து. பார்வதி கிருஷ்ணனைப் போன்ற ஒருவரை நாடு இழக்க வேண்டியதில்லை. ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டு உறவை மட்டும் பார்க்கவில்லை. கணக்கோடு சேர்த்துப் பார்த்தது. கணக்குக் காட்டியவன் மகனுக்குத் தடையில்லை. கணக்குக் கேட்கும் உரிமை நமக்கும் சட்டத்தில் இருக்கிறது. 2021 அக்டோபரில் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது வரிசையில் நின்று வாக்களித்தோம். அதன்பின் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று கிராம சபைகள் கூட்டப்பட்டன. நம் பங்கின் பொதுநிலையினருள் எத்தனை பேர் அங்கே போய் அமர்ந்து, வரவு செலவுப் பட்டியலைப் படிக்கக் கேட்டார்கள்? மகளிர் குழுச் சகோதரிகள் சிலர் போனார்கள். குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்டார்கள். தலைவி விடை சொல்ல வாய் திறக்குமுன் அருகிலிருந்த கணவர் விடை சொன்னார் என்று வந்து சொன்னார்கள். அடுத்த முறை, "ஐயா, நீங்கள் யார்?" என்று அவரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பங்குப் பேரவைத் தேர்தலும் வருகிறது. சென்ற முறை பொறுப்பிலிருந்தோர், அவர்தம் மைத்துனர், மருமகன் ஆகியோர் பெயர்களே மறுபடியும் அன்பியங்களிலிருந்து எழுதி வந்தால், அந்தத் தாளைத் திருப்பி அனுப்புவேன் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். சென்ற மூன்றாண்டுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வாசித்துவிட்டு வாருங்கள்.